மண்ணின் சாட்சியம்: விதைப்பொறியும் மண்ணுணர் கருவியும் இணைந்த வரலாறு

விதைப்புக் காலம் நெருங்கும்போது கமக்காரன் வயலில் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசித்துப் பார்க்கின்றான். அது உருண்டையாகத் திரள்கின்றதா, பொடியாக உதிர்கின்றதா, விரல்களில் ஒட்டுகின்றதா என்பதைக் கொண்டு, இன்றே விதைப்பதா அல்லது இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா என்று தீர்மானிக்கின்றான். எளிமையாகத் தோன்றும் இச்செயலினுள் இரு வேறு தொழில்கள் அடங்கியுள்ளன. மண்ணின் நிலையை அறிதல் ஒன்று. அறிந்ததற்கேற்பக் கையையும் கருவியையும் இயக்குதல் மற்றொன்று. ஐக்கிய அமெரிக்காவின் சோள வயல்களில் இன்று ஓடும் விதைப்பொறிகள் சிலவற்றில், இவ்விரு தொழில்களையும் உணரிகளும் கணினியும் நீரியல் உருளைகளும் தம்முட் பகிர்ந்துகொண்டு கண்ணிமைக்கும் நேரத்தினுள் செய்து முடிக்கின்றன.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. மண்ணை அறியும் முயற்சியும் விதைக்கும் பொறியை ஆளும் முயற்சியும் நெடுங்காலம் இரு தனி வழிகளிற் சென்று, இருபதாம் நூற்றாண்டின் இறுதியை அண்டியே ஒன்றையொன்று சந்தித்தன. அவ்விரு வழிகளையும், அவை சந்தித்த இடத்தையும், அச்சந்திப்பினால் எழுந்த பிரச்சினைகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாறு பயிலும் மாணவன் ஒரு சாசனத்தையோ ஏட்டையோ கையிலெடுத்ததும் முதலில் எழுப்ப வேண்டிய வினா, "இச்சாட்சி உண்மையில் எதனைக் கண்டது?" என்பதாகும். மண்ணுணர் கருவி காட்டும் எண்ணும் ஒரு சாட்சியமே. ஆதலால் அக்கருவிகளின் வரலாற்றையும் அதே வினாவோடு அணுகுதல் பொருத்தமுடையதாகும்.

மண்ணைக் காணாத பொறி

விதையைக் கையால் வீசாது, குழாய் வழியே உழவுசாலினுள் இறக்கும் முறை மிகப் பழைமையானது. கலப்பையோடு விதைக்குழாய் பொருத்தப்பட்ட கருவியை மெசொப்பொத்தேமிய மக்கள் அறிந்திருந்தனர் என்பதை அவர்தம் முத்திரைகளிலுள்ள உருவங்கள் காட்டுகின்றன. சீனத்தில் ஹான் பேரரசர் வூவின் காலத்தில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டளவில், ஒரே வேளையில் பல சால்களில் விதைக்கும் கருவி பரப்பப்பட்டதாகக் கூறப்படுகின்றது. தென்னிந்தியாவிலும் இத்தகைய கருவி வழக்கிலிருந்தது. கப்டன் தொமஸ் ஹால்கொட் என்பவர் 1790களில் பிரித்தானிய விவசாயச் சபைக்கு எழுதிய கடிதங்களில், ஐரோப்பியரின் புதுக் கண்டுபிடிப்பென்று தாம் அதுவரை எண்ணியிருந்த விதைப்புக் கலப்பை, தென்னிந்திய வயல்களில் சாதாரணப் பழக்கத்திலிருக்கக் கண்டதை வியப்போடு குறிப்பிட்டுள்ளார்.

ஹால்கொட் மனத்திற் கொண்டிருந்த ஐரோப்பிய மரபின் முன்னோடியாகக் கருதப்படுபவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெத்ரோ டல் ஆவார். 1701ஆம் ஆண்டளவில் அவர் தமது விதைப்பொறியை அமைத்தார். இசைப்பயிற்சி உடையவராகிய டல், தேவாலயங்களில் ஒலிக்கும் ஓகன் வாத்தியத்தின் உள்ளமைப்பிலிருந்து, விதையை அளந்து இறக்கும் பொறிமுறைக்கான கருத்தைப் பெற்றார். அவரைப் பொறி செய்யத் தூண்டிய காரணம் நம் கவனத்துக்குரியது. தாம் வகுத்த முறைப்படி சாலமைத்து விதைக்கத் தம் வேலையாட்கள் இணங்காமையால், அவர்களுடைய கைகளை விட நம்பிக்கையாக விதைக்கும் ஒரு பொறியை ஆக்க முனைந்ததாக அவரே எழுதியுள்ளார். அதாவது, உழைப்பவனின் கையில் உடையவனுக்கு ஏற்பட்ட அவநம்பிக்கையே அப்பொறியின் தோற்றுவாய்களுள் ஒன்றாகும். இச்செய்தியைக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

டல்லின் பொறி விதையை வரிசையாகவும் அளவாகவும் இட்டது. ஆயினும் மண் ஈரமாயிருப்பினும் உலர்ந்திருப்பினும், களியாயினும் மணலாயினும், அது ஒரே விதமாகவே இயங்கிற்று. மண்ணைப் பற்றிய டல்லின் விளக்கமும் பிழையானது. தாவரங்கள் மண்ணின் நுண்துகள்களையே உணவாகக் கொள்கின்றன என்றும், மண்ணை நன்கு பொடியாக்கினால் எருத் தேவையில்லை என்றும் அவர் நம்பினார். திறமையான பொறியும் தவறான மண்ணறிவும் ஒரே மனிதரிடத்தில் ஒருங்கே இருந்தமை, இவ்விரு துறைகளும் அக்காலத்தில் எவ்வளவு விலகியிருந்தன என்பதற்கு நல்ல சான்றாகும்.

ஆய்வுகூடத்தில் மண்

மண்ணின் நிலையை அளவாற் கூறும் எண்ணம் தமிழருக்கும் புதியதன்று. உழுத புழுதி ஒரு பலம் காற்பலமாகும் வரை காயவிடின் ஒரு பிடி எருவும் வேண்டா என்னும் கருத்துத் திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. உலர்வின் அளவை நிறையாற் சுட்டும் இக்கூற்றைத் துல்லியமான விதியாகக் கொள்ள முடியாதெனினும், அளவு பற்றிய உணர்வு அதிலுண்டு என்பதை மறுத்தல் இயலாது.

நவீன ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றது. ஜேர்மனியில் லீபிக் 1840இல் வெளியிட்ட விவசாய இரசாயன நூலும், இங்கிலாந்தில் லோஸ், கில்பேர்ட் ஆகிய இருவரும் 1843இல் ரொதாம்ஸ்டெட்டில் தொடங்கிய நீண்டகால வயற் பரிசோதனைகளும் மண்ணை ஆய்வுப்பொருளாக்கின. ஆனால் மாதிரியைத் தோண்டியெடுத்து, நிறுத்து, சூடேற்றி உலர்த்தி, மீண்டும் நிறுத்து ஈரலிப்பைக் கணிக்கும் முறை மெதுவானது. விடை கிடைக்கும்போது வயலின் நிலை மாறியிருக்கும்.

இக்குறையை நீக்க மின்சாரம் துணைக்கழைக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மண்பிரிவுக்குத் தலைமை தாங்கிய மில்ரன் விற்னியும் அவருடைய உடனுழைப்பாளரும் 1897இல், மண்ணில் மின்வாய்களைப் புதைத்து மின்தடையை அளப்பதன் மூலம் ஈரலிப்பை அறியும் முறையை வெளியிட்டனர். ஈரமான மண் மின்னை எளிதிற் கடத்தும். உலர்ந்த மண் தடுக்கும் என்பதே அதன் அடிப்படை. ஆனால் மண்ணில் உப்புக் கூடினும் மின் எளிதிற் கடத்தப்படும். வெப்பம் கூடினும் அவ்வாறே நிகழும். எனவே கருவி காட்டிய எண், நீர், உப்பு, வெப்பம் ஆகிய மூன்றும் கலந்து பேசிய குரலாக இருந்தது. ஈரலிப்பை அளக்கும் முறையென்ற வகையில் அது தோற்றது; ஆயினும் மண்ணின் உவர்த்தன்மையை அளக்கும் முறையாக மறுபிறப்பெடுத்தது. இச்சாட்சி பொய் கூறவில்லை. கேட்டவர்களே அதன் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டனர் எனலாம்.

அடுத்து வந்த அறிஞர்கள் வினாவையே மாற்றினர். மண்ணில் எவ்வளவு நீர் உண்டு என்பதைவிட, அந்நீரை மண் எவ்வளவு வலிமையாகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதே பயிருக்கு முக்கியம் என்னும் கருத்துக்கு எட்கார் பக்கிங்ஹாம் 1907இல் வெளியிட்ட ஆய்வு அடித்தளமிட்டது. களிமண்ணில் மிகுதியான நீர் இருந்தும் பயிர் வாடுவதையும், மணலிற் குறைந்த நீரிலும் அது பிழைப்பதையும் இக்கருத்து விளக்கிற்று. இதனை வயலில் அளக்க உதவிய கருவி இழுவிசைமானி ஆகும். நீர் நிரப்பிய குழாயின் அடியில் நுண்துளைகளையுடைய மட்கிண்ணம் ஒன்று இருக்கும். சூழ்ந்த மண் உலர உலரக் கிண்ணத்தின் நீரை வெளியே இழுக்க, உள்ளே ஏற்படும் அமுக்கக் குறைவை மானி காட்டும். 1920களில் வில்லர்ட் கார்ட்னர், லொரென்சோ ரிச்சர்ட்ஸ் முதலியோரின் ஆய்வுகள் இதனை வளர்த்தன. பயிரின் வேர் படும் பாட்டுக்கு மிக அண்மையில் நின்று சாட்சி கூறுவது இக்கருவியே. எனினும் மண் மிக உலர்ந்ததும் கிண்ணத்தினுள் காற்றுப் புகுந்துவிடுவதால், கடும் வரட்சியில் அது ஊமையாகிவிடும்.

1940இல் மிச்சிகனில் ஜோர்ஜ் பொயூக்கொஸ், மிக் ஆகிய இருவரும் விற்னியின் வழிக்கே திரும்பி, மின்வாய்களை ஜிப்சக் கட்டியினுள் பதித்தனர். ஜிப்சம் சிறிதளவு கரைந்து, கட்டியினுள்ளிருக்கும் நீரின் உப்பளவை ஏறத்தாழ மாறாது வைத்திருப்பதால், வெளியுப்பின் குழப்பம் பெரிதும் குறைந்தது. 1950களின் தொடக்கத்தில் நியூத்திரன் முறை வந்தது. வேகமான நியூத்திரன்கள் ஐதரசன் அணுக்களோடு மோதி வேகங்குறைவதைக் கொண்டு நீரைக் கணிக்கும் இம்முறை நம்பகமானது. ஆனால் கதிர்த்தொழிற்பாடுடைய மூலப்பொருளைக் கண்காணிப்பின்றி வயலில் விட்டுச்செல்லல் ஆகாது. 1980இல் கனடாவில் ரொப், டேவிஸ், அனன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு புதிய வாயிலைத் திறந்தது. மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவுக்கு மின்னாற்றலைத் தன்னுள் தேக்கும் என்பதைக் குறிக்கும் எண், நீருக்கு ஏறத்தாழ 80 ஆகவும் உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரையாகவும் இருக்கின்றது. மண்ணிற் செருகிய உலோகக் கோல்களின் வழியே மின்துடிப்பொன்று சென்று திரும்ப எடுக்கும் மிகச் சிறிய நேரத்தை அளந்தால், இப்பெரு வேறுபாட்டின் துணைகொண்டு ஈரலிப்பை அறியலாம். பின்னர் மலிவான மின்னணுக் கருவிகள் பலவும் இதே இயல்பை அடிப்படையாகக் கொண்டு தோன்றின.

பேர்குசனின் வில்

மண்ணறிஞர்கள் இவ்வாறு வயலிற் கோல் ஊன்றி நின்ற காலத்தில், மண்ணை உணரும் பொறியொன்று வேறு திசையிலிருந்து வந்துசேர்ந்தது. அதனை ஆக்கியவர் மண்ணியல் அறிஞரல்லர். வட அயர்லாந்தைச் சேர்ந்த பொறிவல்லுநர் ஹரி பேர்குசன் ஆவார்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் உழவு இயந்திரங்கள் கலப்பையை வண்டிபோலப் பின்னே இழுத்துச் சென்றன. கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், இயந்திரத்தின் முன்பகுதி மேலெழும்பிச் சாரதியின் மேலேயே கவிழ்ந்துவிடும் அபாயமிருந்தது. பேர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இயந்திரத்தோடு இணைத்தார். மண்ணின் எதிர்ப்புக் கூடும்போது மேற்கரம் முன்னோக்கித் தள்ளப்பட்டு ஒரு சுருள்வில்லை அமுக்கும். அவ்வமுக்கம் நீரியல் வால்வைத் திறக்க, கலப்பை சிறிது உயரும். எதிர்ப்புக் குறைந்ததும் வில் தளர, கலப்பை மீண்டும் தாழும். 1926இல் உரிமப்பத்திரம் பெற்ற இவ்வமைப்பு, 1938இல் ஹென்றி போர்ட்டோடு கைகுலுக்கிச் செய்துகொண்ட வாய்மொழி உடன்பாட்டினால் 1939இல் போர்ட் இயந்திரங்களில் இடம்பெற்றது. அவ்வுடன்பாடு முறிந்து வழக்காகி, 1952இல் 92½ இலட்சம் டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. 1946 முதல் 1956 வரை கொவென்றியில் உற்பத்தியான பேர்குசனின் சொந்த இயந்திரம் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. நம் நாட்டு வயல்களில் நெடுங்காலமாகப் பழகிய மசி பேர்குசன் இயந்திரத்தின் பின்புறத்திலுள்ள மூன்று கரங்கள் இக்கதையின் நேரடி வாரிசுகளேயாகும்.

இங்கு வில் என்பது உணரி. வால்வு என்பது தீர்மானிக்கும் உறுப்பு. நீரியல் உருளை என்பது கை. கணினி பரவலாவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே, மண் கூறியதைக் கேட்டு அக்கணமே தன்னைத் திருத்திக்கொள்ளும் பொறி வயலில் ஓடியது. ஆயினும் விற்னிக்கு நேர்ந்தது இங்கும் ஓரளவு நேர்ந்தது. வில் உணர்ந்தது விசையை. கமக்காரன் விரும்பியது ஆழத்தை. ஆதலின் இறுகிய களிமண்ணிற் கலப்பை மேலெழுந்து ஆழங்குறைந்தும், இளகிய மணலிற் கூடுதலாக இறங்கியும் உழுதது. கருவியின் நிலையை நேரே கட்டுப்படுத்தும் தனி நெம்புகோலைப் பின்வந்த இயந்திரங்களிற் சேர்க்க வேண்டியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நிலப்படமும் செய்மதியும்

மண்ணறிவும் பொறியும் இணைவதற்கு மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது. அது இடம் பற்றிய அறிவு. ஒரே வயலில் மண் இடத்துக்கிடம் மாறுபடும் என்பதைக் கமக்காரர் எக்காலத்திலும் அறிந்தே இருந்தனர். இதனை எழுத்தில் முறைப்படுத்திய ஆரம்ப முயற்சிகளுள் ஒன்றாக, 1929இல் இலினோய்ப் பல்கலைக்கழக விவசாயப் பரிசோதனை நிலையத்தின் வெளியீடாக லின்ஸ்லி, பவர் ஆகியோர் எழுதிய சிறு பிரசுரம் குறிப்பிடப்படுகின்றது. வயலின் பல இடங்களில் மண்ணைச் சோதித்து, அமிலத்தன்மையைப் படமாக வரைந்து, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் அளவுக்கே சுண்ணாம்பு இடுமாறு அது கமக்காரருக்கு அறிவுரை கூறிற்று. ஆனால் பெரிய இயந்திரங்கள் பரவியதும், முழு வயலையும் ஒரே சீராகக் கருதி ஓடுவதே சிக்கனமாயிற்று. பொறியின் பெருக்கம் பழைய நுண்ணறிவை ஓரங்கட்டியது என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

அந்நுண்ணறிவை மீட்டுத் தந்தது இராணுவத் தேவைக்கென உருவான செய்மதித் தொகுதியாகும். அதன் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1995இல் தொகுதி முழுமையடைந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை ஐக்கிய அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நீக்கியது. தரையிலுள்ள நிலையமொன்றின் திருத்தத்தையும் பெற்றால், ஓடும் உழவு இயந்திரத்தின் இடத்தைச் சில சென்ரிமீற்றர் துல்லியத்தோடு அறியலாம். 1992இல் அயோவாவில் அறுவடைப்பொறிக்கான விளைச்சல்மானி விற்பனைக்கு வந்தது. 1990களிலேயே கன்சாஸில், நிலத்தைக் கீறிச் செல்லும் வட்டத்தட்டுகளினூடாக மின்கடத்துதிறனை அளந்து, முழு வயலுக்கும் படம் வரையும் வண்டியும் உருவாகியது. நூறாண்டுக்கு முன் விற்னி கண்ட அதே மின்னியல்பு, இப்போது சக்கரமேறி ஓடியது. அது தரும் எண் இன்றும் களி, நீர், உப்பு ஆகியவற்றின் கலப்பே. ஆனால் இப்போது அதனை ஈரலிப்பென்று எவரும் நேரே வாசிப்பதில்லை. வயலின் எப்பகுதி எப்பகுதியிலிருந்து வேறுபடுகின்றது என்பதற்கான சான்றாகக் கொண்டு, பின்னர் மண்மாதிரி எடுத்துச் சரிபார்க்கின்றனர். சாட்சியை விசாரிக்கும் முறை முதிர்ச்சியடைந்தது என்பதே இதன் பொருளாகும்.

இரு வழிகளின் சந்திப்பு

இன்றைய சோள விதைப்பொறியில் ஒவ்வொரு வரிசைக்கும் தனியான விதைப்பலகு உண்டு. விதை ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், ஈரமும் போதிய வெப்பமுமுள்ள மண்ணில் விழ வேண்டும். ஆழத்தை நிர்ணயிக்கும் சிறு சக்கரங்களின் மேல் எவ்வளவு பாரம் நிற்கிறது என்பதை உணரி ஒன்று இடைவிடாது அளக்கின்றது. பாரம் குறைந்தால் பலகு மேலெழுந்து விதை ஆழங்குறைந்து விழும். கூடினால் சாலின் சுவர் இறுகி வேர் பரவ இயலாது போகும். எனவே கணினி நீரியல் உருளைக்குக் கட்டளையிட்டு, வரிசைக்கு வரிசை அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கின்றது. சாலினுள்ளேயே உராய்ந்து செல்லும் வேறோர் உணரி, மண்ணில் ஒளியைப் பாய்ச்சித் தெறித்து வருவதைக் கொண்டு ஈரலிப்பையும் சேதனப்பொருளின் அளவையும் மதிப்பிடுகின்றது. அதற்கேற்ப விதையின் எண்ணிக்கையை மாற்றவும் இயலும். ஆழமாக நோக்குமிடத்து, இப்பொறி பேர்குசனின் வில்லையும் விற்னியின் மின்வாயையும் 1929ஆம் ஆண்டுப் பிரசுரத்தின் படத்தையும் ஒன்றுசேர்த்த உருவமே எனலாம்.

நிறுவனங்களின் வரலாறும் இதே வட்டத்தைப் பூர்த்திசெய்கின்றது. இத்துறையில் முன்னணி வகித்த பிரெசிசன் பிளான்றிங் என்னும் நிறுவனம் 1993இல் இலினோயிற் கமக்காரர் ஒருவரால் தொடங்கப்பட்டு, 2012இல் மொன்சாந்தோவின் கைக்கு மாறியது. அதனை ஜோன் டியர் நிறுவனம் வாங்க முயன்றபோது, போட்டி அழிந்துவிடும் என்ற காரணங்காட்டி ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் 2016இல் வழக்குத் தொடுத்தது. 2017இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டில் அதனை வாங்கியது ஆக்கோ நிறுவனம். மசி பேர்குசனை 1994இல் வாங்கிய நிறுவனமும் இதுவே.

அறிவு யாருக்குரியது?

இவ்வரலாற்றில் தொழில்நுட்பத்தை விட ஆழமான வினா ஒன்று புதைந்துள்ளது. பேர்குசனின் வில் மண்ணிடமிருந்து பெற்ற செய்தியைக் கலப்பைக்குச் சொல்லிவிட்டு மறந்துவிடும். இன்றைய உணரியோ கேட்டதையெல்லாம் பதிந்து வைக்கின்றது. பதிவுகள் வயலைக் கடந்து நிறுவனங்களின் களஞ்சியங்களை அடையக்கூடும். வில் முறிந்தால் ஊரிலுள்ள வேலைத்தலத்தில் திருத்தலாம். கணினியின் உட்கட்டளைகள் பூட்டப்பட்டிருப்பின் உடையவனாலும் திறக்க இயலாது. இதனாலேயே திருத்தும் உரிமை கோரி ஐக்கிய அமெரிக்கக் கமக்காரர் போராடினர். கொலராடோ மாநிலம் 2023இல் இதற்கெனச் சட்டமியற்றியது. 2025 ஜனவரியில், திருத்தும் வசதியைக் கட்டுப்படுத்துவதாகக் குற்றஞ்சாட்டி, அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஜோன் டியர் நிறுவனத்துக்கெதிராக வழக்குத் தொடுத்தது.

இவ்விடத்தில் ஜெத்ரோ டல் மீண்டும் நினைவுக்கு வருகின்றார். வேலையாட்களின் கையை நம்பாது அவர் பொறியை நாடினார். அக்கைகளில் இருந்த அறிவு என்னவாயிற்று என்று அவர் வினவவில்லை. மூன்று நூற்றாண்டுகளின் பின்னர், வயலின் உடைமையாளனே தன் மண்ணைப் பற்றிய அறிவுக்குப் பிறரிடம் அனுமதி கேட்கும் நிலை தோன்றியிருக்கின்றது. அன்று உழைப்பவனிடமிருந்து விலகத் தொடங்கிய அறிவு, இன்று உடையவனிடமிருந்தும் விலகுகின்றது எனக் கூறின் அது மிகையாகாது.

நம் நாட்டு நெற்காணிகளிற் பெரும்பாலானவை சிறியவை. இலினோயின் பெருவயல்களுக்கென ஆன பொறி இங்கு அவ்வாறே பொருந்தும் எனக் கொள்வது பேதைமை. அதற்காக மண்ணை அளத்தல் நமக்கு வேண்டாதது என்று கொள்வதும் தவறாகும். ஒரு மட்கிண்ணமும் நீர்க்குழாயும் கொண்ட இழுவிசைமானிக்குச் செய்மதி தேவையில்லை. அதன் உட்பொருளை எவரும் பூட்டி வைக்கவும் இயலாது. மேலும், இத்தனை கருவிகளையும் ஆக்கிய நாட்டின் விவசாயத் திணைக்களமே, மண்ணைக் கையாற் பிடித்து அதன் ஈரலிப்பை மதிப்பிடும் முறையைப் படங்களோடு அச்சிட்டுக் கமக்காரருக்கு வழங்கியுள்ளது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கருவியின் சாட்சியமும் கையின் சாட்சியமும் ஒன்றையொன்று சரிபார்க்கத்தக்கவை. நம் கமக்காரரின் கைகளிலுள்ள சாட்சியம் இன்னும் பெருமளவு எழுதப்படாமலே உள்ளது. கருவிகள் வந்துசேருமுன் அதனைக் கேட்டு எழுதி வைப்பது விவசாய பீடத்தின் பணி மட்டுமன்று. வரலாறு பயிலும் நம் பணியுமாகும்.